96 சதவீத கேஸ் ஃபர்னஸ்: கூடுதல் பணம் கொடுத்தால் தகுமா?

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குளிர் மாதக்கணக்கில் நீடிக்கிற ஊரில் வீடு இருந்து, எரிவாயுவை எரித்துக் காற்றைச் சூடாக்கி அறைகளுக்கு அனுப்புகிற பழைய கேஸ் ஃபர்னஸும் ஆயுள் முடிகிற நிலையில் இருந்தால், 95 அல்லது 96 சதவீதத் திறனுள்ளதை வாங்குங்கள், கூடுதல் பணம் தகும். 98 என்று எழுதியிருக்கிறது என்பதற்காக அதற்கு மேலும் ஒரு பெரிய தொகையைக் கொடுக்க வேண்டாம். குளிர் லேசான ஊரில், நன்றாக ஓடிக்கொண்டிருக்கிற 80 சதவீத ஃபர்னஸைத் திறனுக்காக மட்டும் கழற்றிப் போடவும் வேண்டாம்.

எங்கள் வீட்டில் ஒரு 80-ஐ எடுத்துவிட்டு 96 சதவீத, இரண்டு நிலை (குறைவாகவும் முழுதாகவும் என இரண்டு அளவில் எரிகிற) ஃபர்னஸ் வைத்தோம், சில குளிர்காலங்கள் அதோடு ஓடியாயிற்று. எனக்குப் பிடித்திருக்கிறது. எந்த பிராண்ட் என்பதை வேண்டுமென்றே விட்டுவிடுகிறேன், காரணம் இந்தத் தொழிலில் பெயர்ப்பலகைகள் பல, அவற்றுக்குப் பின்னால் இருக்கிற நிறுவனங்கள் சில. கேரியர், பிரையன்ட், பெய்ன் மூன்றும் ஒரே குடும்பம். ட்ரேனும் அமெரிக்கன் ஸ்டாண்டர்டும் அப்படித்தான், குட்மேனும் அமானாவும் அப்படித்தான், ரீமும் ரூடும் அப்படித்தான். பிராண்டைப் பற்றி நண்பர்களோடு விவாதிக்கிற நேரத்தில், அதை மாட்டப்போகிற ஆளைப் பற்றி விசாரித்தால் பலன் அதிகம். அதற்குப் பிறகு வருகிறேன்.

அந்தச் சதவீதத்துக்கு ஏ.எஃப்.யு.இ. என்று பெயர். ஒரு குளிர்காலம் முழுக்க எரித்த எரிவாயுவில் இருந்த வெப்பத்தில், வீட்டுக்குள் போகிற காற்றில் எவ்வளவு சேர்ந்தது என்ற கணக்கு அது. 80 என்றால் மீதி 20 பங்கு வெளியே போய்விட்டது, பெரும்பகுதி புகையோடு. எந்நேரமும் எரிகிற பைலட் சுடர் வைத்த அந்தக் காலத்து ஃபர்னஸ்கள் 56 முதல் 70 வரைதான் தரும். அப்படி ஒன்று இன்னும் உங்கள் பேஸ்மென்டில் ஓடிக்கொண்டிருந்தால் யோசிக்கவே தேவையில்லை, மாற்றுங்கள்.

80-க்குக் கொஞ்சம் மேலே போய், அப்புறம் நேராக 90-க்குத் தாவிவிடுவது ஏன், நடுவில் 86, 87 என்று எதுவும் கிடைப்பதில்லையே என்று பலர் கேட்கிறார்கள். இதைப் புரிந்துகொண்டால் செலவு எங்கே கூடுகிறது என்பதும் புரிந்துவிடும். எரிவாயுவில் பெரும்பங்கு மீத்தேன். அது எரிந்தால் கரியமில வாயுவும் நீராவியும் வரும். ஒரு தெர்ம் எரிவாயு, அதாவது 1 லட்சம் பி.டி.யு. (வெப்பத்தை அளக்கிற அலகு), எரிந்தால் 4 கிலோவுக்கும் மேல் நீராவி உண்டாகிறது. எரிவாயுவில் இருக்கிற மொத்த வெப்பத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு அந்த நீராவிக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. சாதாரண ஃபர்னஸ் அதை நீராவியாகவே வெளியே அனுப்பிவிடும். அதிகத் திறன் ஃபர்னஸில் இரண்டாவதாக ஒரு வெப்பப் பரிமாற்றி இருக்கிறது, துருப்பிடிக்காத எஃகில் செய்தது. புகை அதில் குளிர்ந்து நீராவி தண்ணீராக மாறும்போது அந்த வெப்பமும் வீட்டுக்கு வந்துவிடுகிறது. இப்படிக் கிடைக்கிற தண்ணீர் அமிலத்தன்மை உள்ளது. நடுத்தரத் திறனில் ஃபர்னஸ் செய்தால் புகை அரைகுறையாகக் குளிர்ந்து, அந்த அமிலத் தண்ணீர் தகரப் புகைக்குழாயிலும் சிம்னியிலும் படிந்து அரித்துவிடும். அதனால்தான் ஒன்று இந்தப் பக்கம், இல்லை அந்தப் பக்கம்.

இன்னொன்று, தண்ணீரைச் சூடாக்கிச் சுற்றவிடுகிற பாய்லர்களில் திரும்பி வருகிற தண்ணீர் சூடாக இருந்தால் நீராவி குளிராது, எழுதியிருக்கிற திறனும் கிடைக்காது. காற்றைச் சூடாக்கும் ஃபர்னஸுக்கு அந்தச் சிக்கல் இல்லை, ஏனென்றால் திரும்பி வருவது அறையின் காற்று, 20 டிகிரி செல்சியஸ் பக்கத்தில்தான் இருக்கும். புகையில் நீர் படியத் தொடங்குவது 55 டிகிரிக்குப் பக்கத்தில். ஆகவே ஒழுங்காக மாட்டின ஃபர்னஸ் எழுதியிருக்கிற திறனை வீட்டிலும் ஏறக்குறைய தரும் என்று நம்பலாம்.

இப்போது கணக்கு. வீட்டைச் சூடாக்க வருடத்துக்கு 800 தெர்ம் எரிக்கிறீர்கள், ஃபர்னஸ் 80 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். வீட்டுக்குத் தேவையான வெப்பம் 640 தெர்ம். அதே 640-ஐ 96 சதவீத ஃபர்னஸ் கொடுக்க 667 தெர்ம் போதும். மிச்சம் 133. 98 சதவீத ஃபர்னஸ் என்றால் 653 தெர்ம். அதாவது 80-லிருந்து 96-க்குப் போனால் 133 தெர்ம் மிச்சம், 96-லிருந்து 98-க்குப் போனால் இன்னும் 14 மட்டும். விற்பனையாளர் இந்த இரண்டு படிகளுக்கும் கேட்கிற விலை வித்தியாசத்தை இந்த எண்களுக்குப் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். நான் 98-ஐ விட்டதற்கு இதற்கு மேல் காரணம் தேவைப்படவில்லை. குளிர் குறைந்த ஊரில், வருடத்துக்கு 200 தெர்ம்தான் எரிகிறது என்றால், 80-லிருந்து 96-க்குப் போனாலும் மிச்சம் 33 தெர்ம்தான். அந்த மிச்சத்தில் கூடுதல் விலை திரும்பி வருவதற்குள் ஃபர்னஸின் ஆயுளே முடிந்துவிடலாம். பொதுவாக 15 முதல் 20 வருடம் ஓடும் சாதனம் இது.

உங்கள் வீட்டு எண்ணைக் கண்டுபிடிப்பது சுலபம். ஒரு வருடத்து கேஸ் பில்களை எடுத்துக்கொள்ளுங்கள். கோடை மாதங்களில் எரிந்தது அடுப்புக்கும் வாட்டர் ஹீட்டருக்கும் போனது, அதன் சராசரியை 12-ஆல் பெருக்கி மொத்தத்திலிருந்து கழித்தால் மீதி ஏறக்குறைய சூடாக்கலுக்குப் போனது. அப்புறம் ஒரு தெர்முக்கு எவ்வளவு கொடுக்கிறீர்கள் என்று பார்க்கும்போது, பில்லின் மொத்தத் தொகையைத் தெர்மால் வகுக்காதீர்கள். மாதாமாதம் வருகிற நிலைக்கட்டணம் எந்த ஃபர்னஸ் வைத்தாலும் குறையாது. பயன்பாட்டைப் பொறுத்து மாறுகிற பகுதியை மட்டும் எடுங்கள். விற்பனைக்கு வருகிறவர்கள் காட்டுகிற கணக்கில் பெரும்பாலும் இந்த நிலைக்கட்டணமும் சேர்ந்தே இருக்கிறது, அதனால் சேமிப்பு பெரிதாகத் தெரிகிறது. இது எனக்குக் கோபம் வரவைக்கிற விஷயம், ஏனென்றால் பில்லைக் கையில் வைத்துக்கொண்டு பத்து நிமிடத்தில் சரியான எண்ணைச் சொல்லிவிட முடியும்.

ஆனால் தகுமா தகாதா என்பதைத் தீர்மானிப்பது ஃபர்னஸின் விலையை விட மாட்டுகிற வேலைதான். 80 சதவீத ஃபர்னஸுக்குப் பதில் இன்னொரு 80 வைத்தால் பழைய சிம்னியிலேயே புகைக்குழாயைச் செருகிவிட்டுப் போய்விடலாம். 96 வைத்தால் புதிதாக பிவிசி குழாய் போட்டுப் பக்கச் சுவர் வழியாகவோ கூரை வழியாகவோ வெளியே கொண்டுபோக வேண்டும், முடிந்தால் எரிவதற்கான காற்றை வெளியிலிருந்தே இழுக்க இரண்டாவது குழாய், அப்புறம் தண்ணீர் வடிய ஒரு வழி. பேஸ்மென்டில், சுவருக்குப் பக்கத்தில், தரையில் வடிகால் இருந்தால் இது சின்ன வேலை. வீட்டின் நடுவில் ஒரு அலமாரிக்குள்ளோ, குளிர்கிற பரணிலோ ஃபர்னஸ் இருந்தால் பெரிய வேலை. கணக்கு தலைகீழாவது பெரும்பாலும் இங்கேதான்.

விலை சொல்ல வருகிறவர்களில் பலர் வாயைத் திறக்காத ஒன்று உண்டு. ஃபர்னஸும் வாட்டர் ஹீட்டரும் ஒரே சிம்னியைப் பகிர்ந்துகொண்டிருந்தால், ஃபர்னஸ் பிவிசி குழாய்க்குப் போன பிறகு சிம்னியில் மிஞ்சுவது வாட்டர் ஹீட்டர் மட்டும். இரண்டு சாதனங்களுக்காகக் கட்டின அகலமான சிம்னியைச் சூடாக்க அதன் சின்னப் புகையால் முடியாது. நீராவி உள்சுவரில் படிந்து செங்கலையும் சாந்தையும் கெடுக்கும். அதைவிட மோசமாக, புகை மேலே ஏறாமல் வீட்டுக்குள்ளேயே திரும்பலாம், அதில் கார்பன் மோனாக்சைடு இருக்கலாம். இதற்குச் சிம்னிக்குள் பொருத்தமான அளவில் லைனர் என்கிற ஒரு உட்குழாய் இறக்க வேண்டும், இல்லை வாட்டர் ஹீட்டரையும் சேர்த்து மாற்ற வேண்டும். இந்தச் செலவு விலைப்பட்டியலில் இருக்கிறதா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இல்லையென்றால் ஏன் இல்லை என்று கேளுங்கள். உயிர் சம்பந்தப்பட்ட விஷயம், கூச்சப்பட வேண்டாம். எந்த ஃபர்னஸாக இருந்தாலும் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒவ்வொரு தளத்திலும் இருக்கட்டும்.

எங்களுக்கு வந்த பிரச்சினையும் மாட்டினதில் வந்ததுதான். மாட்டின நிறுவனம் வடிகிற தண்ணீர்க் குழாயின் ஒரு பகுதியைச் சூடில்லாத கராஜ் சுவரை ஒட்டிக் கொண்டுபோயிருந்தது. முதல் கடுங்குளிரில் அது உறைந்தது. தண்ணீர் தேங்கி உள்ளே ஏறினதும் பிரஷர் சுவிட்ச் தன் வேலையைச் சரியாகச் செய்து ஃபர்னஸை நிறுத்திவிட்டது. நள்ளிரவில் வீடு குளிர்ந்துகொண்டே போனபோது அவசர எண்ணைக் கூப்பிட்டால் காலையில்தான் வர முடியும் என்றார்கள். வந்த டெக்னீஷியன் ரொம்ப நல்லவர், குழாயை உள்பக்கமாக, சரிவு சரியாக வரும்படி மாற்றிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு ஒரு முறைகூட நின்றதில்லை. இது ஃபர்னஸின் குறை என்று சொல்ல மாட்டேன், ஆனால் 80 சதவீத ஃபர்னஸில் இப்படி ஒரு குழாயே கிடையாது என்பதையும் மறைக்கக் கூடாது. அதிகத் திறன் என்றால் உடையக்கூடிய இடங்களும் சில அதிகம்: வடிகுழாய், டிராப் (தண்ணீரைக் கொஞ்சம் தேக்கி, புகை அந்த வழியாக வராமல் தடுக்கிற பாகம்), தண்ணீரை ஏற்றித் தள்ள வேண்டிய இடமாக இருந்தால் அதற்கு ஒரு பம்ப். பனி அதிகம் விழுகிற இடத்தில் சுவருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் குழாய்களின் வாயை மூடிவிடாமல் பனியை அள்ளிக்கொண்டே இருக்க வேண்டும், அதனால் அவை போதுமான உயரத்தில் இருக்கின்றனவா என்று மாட்டுகிற அன்றே பாருங்கள். வெள்ளையாக நீராவி கிளம்பும், அது ஜன்னலுக்கும் பக்கத்து வீட்டு நடைபாதைக்கும் நேராக இல்லாமல் இருப்பது நல்லது. அமிலத் தண்ணீர் போகிற வழியில் வார்ப்பிரும்புக் குழாய் இருந்தால் சுண்ணாம்புக்கல் நிரப்பின ஒரு சின்னக் குப்பியை நடுவில் வைத்துவிட்டால் அரிப்பு குறையும். அந்தக் கல்லையும் அவ்வப்போது மாற்ற வேண்டும்.

அடுத்தது அளவு. மூன்று பேரிடம் விலை கேட்டோம். இரண்டு பேர் பழைய ஃபர்னஸின் தகட்டைப் பார்த்துவிட்டு அதே மணிக்கு 1 லட்சம் பி.டி.யு. என்று எழுதினார்கள். மூன்றாவது ஆள் மட்டும் ஜன்னல்களை அளந்து, பரணில் ஏறி இன்சுலேஷன் எவ்வளவு கனம் என்று பார்த்து, மேனுவல் ஜே என்கிற முறைப்படி வெப்ப இழப்பைக் கணக்குப் போட்டார். கணக்கில் 60 ஆயிரம் பி.டி.யு. ஃபர்னஸே தாராளம் என்று வந்தது. அவருக்கே வேலையைக் கொடுத்தோம். தேவைக்கு மேல் பெரிய ஃபர்னஸ் சட்டென்று சூடாக்கிவிட்டு நின்று, திரும்ப எரிந்து, திரும்ப நின்று என்று ஓடும். அறைகளில் சூடு சமமாக இருக்காது, தேய்மானமும் அதிகம். கணக்குப் போடாமல் அளவு சொல்கிறவரை அனுப்பிவிடலாம் என்பது என் உறுதியான கருத்து. (குழாயைச் சுவரோரம் போட்டது அவருடைய ஆட்கள்தான். கணக்கு நன்றாகத் தெரிந்த நிறுவனத்திலும் மாட்டுகிற ஆள் கவனமாக இருக்க வேண்டும், அதனால் வேலை நடக்கும்போது வீட்டில் இருங்கள்.)

எனக்கு மிகவும் பிடித்தது சேமிப்பை விட வசதிதான், இதை நான் எதிர்பார்க்கவில்லை. இரண்டு நிலை ஃபர்னஸ் பெரும்பாலான நேரம் குறைந்த நிலையிலேயே, முழுச் சக்தியில் மூன்றில் இரண்டு பங்கு போல, நீண்ட நேரம் மெதுவாக ஓடுகிறது. கடுங்குளிர் நாட்களில் மட்டும் மேல்நிலைக்குப் போகிறது. முன்பு இரவில் ஒவ்வொரு முறை ஃபர்னஸ் கிளம்பும்போதும் டக்ட், அதாவது சூடான காற்றை அறைகளுக்குக் கொண்டுபோகிற வழி, அதன் தகரம் படீர் என்று சத்தம் போடும், இப்போது ஓடுகிறதா இல்லையா என்று காற்றுவழியில் கையை வைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. மாடியில் கோடியில் இருக்கிற படுக்கையறை எப்போதும் மற்ற இடங்களைவிடக் குளிர்ந்திருக்கும், அந்த வித்தியாசம் நன்றாகக் குறைந்துவிட்டது. குறைந்த நிலையில் வருகிற காற்று முன்பு போலச் சுடச்சுட இருக்காது, இளஞ்சூடாகத்தான் இருக்கும். சிலருக்கு இது பிடிக்காது, எங்கள் வீட்டிலும் முதலில் ஃபர்னஸில் கோளாறோ என்ற பேச்சு வந்தது. கோளாறு இல்லை, அது அப்படித்தான். தீயின் அளவைப் படிப்படியாக மாற்றிக்கொண்டே இருக்கிற மாடுலேட்டிங் வகை இதைவிட இன்னும் சமமாக ஓடும், ஆனால் உதிரிபாகம் விலை அதிகம், பழுது பார்க்கத் தெரிந்தவர்களும் குறைவு. ஒரு நிலை 95 சதவீதத்துக்கும் இரண்டு நிலை 96-க்கும் விலையில் கொஞ்சம்தான் வித்தியாசம் என்றால், அந்தக் கொஞ்சத்தைக் கொடுங்கள். நான் இரண்டாவது தடவை வாங்கினாலும் அதைத்தான் வாங்குவேன்.

காற்றைத் தள்ளுகிற புளோயர் மோட்டார் பற்றி ஒரு வரி. ஏ.எஃப்.யு.இ. எண்ணில் மின்சாரம் சேராது. ஈ.சி.எம். என்கிற, மின்னணு முறையில் வேகத்தைக் கட்டுப்படுத்தும் வகை மோட்டார் பழைய வகையைவிட நன்றாகவே குறைவான மின்சாரம் இழுக்கிறது. அமெரிக்காவில் 2019 ஜூலைக்குப் பிறகு தயாரான ஃபர்னஸ்களில் விசிறிக்கும் திறன் விதி இருப்பதால் இது பெரும்பாலும் கூடவே வந்துவிடும், தனியாகப் பெருமையாகச் சொல்லி விலை ஏற்றினால் நம்ப வேண்டாம்.

அந்த எண்ணில் சேராத இன்னொன்று டக்ட். சாதாரண வீட்டில் டக்டுக்குள் போகிற காற்றில் 20 முதல் 30 சதவீதம் ஓட்டை வழியாகவும் சரியாக மூட்டாத இணைப்புகள் வழியாகவும் வீணாகிறது என்று அமெரிக்க அரசின் எரிசக்திச் சிக்கனத் திட்டமான எனர்ஜி ஸ்டார் சொல்கிறது. அந்த டக்ட் சூடில்லாத பரண் வழியாகப் போகிறது என்றால், ஃபர்னஸில் பிடித்த 16 பங்கை அங்கே விட்டுவிடுகிறோம், ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடித்த மாதிரி. இணைப்புகளில் மாஸ்டிக் என்கிற அடைப்புப் பசை பூசுவதும், பரணில் இன்சுலேஷன் சேர்ப்பதும் ஃபர்னஸை விட மலிவு. கையில் இருக்கிற பணம் ஒன்றுக்குத்தான் போதும், பழைய 80-ம் இன்னும் பாதுகாப்பாக ஓடுகிறது என்றால், முதலில் இதைச் செய்யுங்கள். அப்புறம் ஃபர்னஸ் வாங்கும்போது சின்ன அளவே போதும் என்று ஆகிவிடும்.

பராமரிப்பு பெரிய தொல்லை இல்லை. ஃபில்டரை நேரத்துக்கு மாற்றுவது, வருடத்துக்கு ஒருமுறை டிராப்பையும் வடிகுழாயையும் கழுவுவது, தீ எரிகிறதா என்று கண்காணிக்கிற ஃபிளேம் சென்சாரைத் துடைப்பது. ரொம்ப நுணுக்கமான ஃபில்டர் நல்லது என்று நினைத்து மெல்லிய ஒரு அங்குல இடத்தில் அடர்த்தியானதைச் செருகினால் காற்று போதாமல் ஃபர்னஸ் சூடேறி நின்றுவிடும். வாரண்டியில் வெப்பப் பரிமாற்றிக்கு 20 வருடமோ ஆயுள் முழுக்கவோ என்று எழுதியிருப்பார்கள், மற்ற பாகங்களுக்குப் பெரும்பாலும் 10 வருடம். வாங்கின சில வாரங்களுக்குள் பதிவு செய்தால்தான் அந்தப் பத்து, இல்லையென்றால் குறைந்துவிடும் என்ற நிபந்தனை பல நிறுவனங்களில் உண்டு, அன்றே பதிவு செய்துவிடுங்கள். கூலி பெரும்பாலும் வாரண்டியில் வராது.

கனடாவில் இருக்கிறவர்களுக்கு இந்தக் கேள்வியே ஏறக்குறைய கிடையாது, அங்கே 2019 ஜூலை முதல் வீட்டு கேஸ் ஃபர்னஸுக்குக் குறைந்தபட்சமே 95 சதவீதம். அமெரிக்காவில் 2015 முதல் குறைந்தபட்சம் 80. எரிசக்தித் துறை 2023-ல் வெளியிட்ட விதி 2028 இறுதியிலிருந்து 95 கேட்கிறது. அங்கே 97 சதவீதமோ அதற்கு மேலோ உள்ள ஃபர்னஸுக்கு 600 டாலர் வரை கிடைத்துவந்த கூட்டாட்சி வரிச் சலுகை 2025-உடன் முடிந்துவிட்டது. 98-ஐ விற்க அந்தச் சலுகையைப் பெரிதாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள், இனி அதுவும் இல்லை. உங்கள் எரிவாயு நிறுவனம் தள்ளுபடி தருகிறதா என்று மட்டும் கேட்டுப் பாருங்கள், சில இடங்களில் அதுவே விலை வித்தியாசத்தில் கணிசமான பகுதியை அடைத்துவிடும்.

ஏசியும் பழையதாகி இரண்டையும் சேர்த்து மாற்றப்போகிறீர்கள் என்றால், ஏசிக்குப் பதில் ஹீட் பம்ப் (கோடையில் ஏசியாகவும், குளிரில் வெளிக்காற்றின் வெப்பத்தை உள்ளே கொண்டுவரவும் ஓடுகிற மின்சாதனம்) வைத்து, கடுங்குளிருக்கு மட்டும் ஃபர்னஸை ஓட்டுகிற ஏற்பாட்டுக்கும் ஒரு விலை கேளுங்கள். அப்படிச் செய்தால் ஃபர்னஸ் எரிக்கிற தெர்ம் பாதிக்கும் கீழே போகலாம், அப்போது மேலே போட்ட கணக்கில் 800 என்ற இடத்தில் அந்தச் சின்ன எண்ணை வைத்துத் திரும்பப் போட வேண்டும். அந்த நிலையில் பழைய சிம்னி நன்றாக இருக்கிற வீட்டுக்கு 80 சதவீத ஃபர்னஸே சரி என்று வந்தாலும் ஆச்சரியப்பட மாட்டேன்.